தூசியும் சாட்சியும்

பொய்ச்சான்றை விலக்கும் எட்டாம் கட்டளையை நாம் பெரும்பாலும் நீதிமன்றத்தோடு இணைத்தே நினைக்கிறோம். கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து பொய் சொல்பவன்தான் அதை மீறுகிறான் என்று எண்ணி, நம்மில் பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். ஆனால் சான்று சொல்லுதல் நீதிமன்றத்தைவிடத் தெருத் திண்ணையிலும், பேருந்து நிறுத்தத்திலும், கோவில் வாசலிலும்தான் மிகுதியாக நிகழ்கிறது. "நான் பார்த்தேன்" என்னும் இரண்டே சொற்களால் ஒரு குடும்பத்தின் மானம் போவதுண்டு. நின்றுபோன திருமணமும் உண்டு. இச்சொற்களை ஒருவன் எப்போது சொல்லலாம்? அவன் பொய்யன் அல்லன். கண்டதைத்தான் சொல்கிறான் என்றே வைத்துக்கொள்வோம். ஆயினும் அவன் கண்டது அவன் கண்டதாகச் சொல்லும் பொருள்தானா? அல்லது அவனுக்கும் அப்பொருளுக்கும் இடையே நின்ற வேறொன்றா?

இக்கேள்விக்கு அறநூல்களில் விடை தேடுவது வழக்கம். குருமடத்தில் நானும் அப்படித்தான் பயின்றேன். ஆனால் அண்மைக் காலத்தில் எனக்கு இதில் மிகத் தெளிவான பாடம் கிடைத்தது வானியலிலிருந்து. நம் பால்வீதியின் மையத்தருகே உள்ள தூசியை வரைபடமாக்கியவர்களின் வேலையைப் பற்றிப் படித்தபோது, சான்று சொல்லும் அறம் எத்தனை நுட்பமானது என்பதைக் கண்டேன். தூசி என்றவுடன் திருநீற்றுப் புதன் உங்கள் நினைவுக்கு வரலாம். அந்தப் பொருளில் இங்கே நான் எழுதவில்லை. இது வேறு தூசி.

ஆனி, ஆடி மாதங்களில் இரவு பத்து மணிக்குமேல், வானம் தெளிந்திருக்கும் நாளில், ஏம்பலத்தின் தெருவிளக்குகளைத் தாண்டி வயல்வெளிக்கு வந்து தெற்கே நோக்கினால், விருச்சிகம் என்னும் விண்மீன் கூட்டம் உண்மையிலேயே ஒரு தேளைப்போல வளைந்து கிடப்பதைக் காணலாம். புதுச்சேரி நகரின் வெளிச்சம் நமக்கு வடகிழக்கே இருப்பதால், தென்வானம் இங்கே இன்னும் ஓரளவு இருட்டாகவே இருக்கிறது. அத்தேளின் கொடுக்கிலுள்ள விண்மீன்களைத்தான் நம் மக்கள் மூலம் என்கிறார்கள். அதற்கு இடப்புறம், கிழக்கே, பூராடம். இவ்விரண்டுக்கும் இடையே, சற்று மேலே, பால்வீதி அகன்று வெண்புகைபோலப் படர்ந்திருக்கிறது; அந்த வெண்மையின் நடுவே கரிய திட்டுகள். அத்திட்டுகளுக்குப் பின்னால், ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுத் தொலைவில், பால்வீதியின் மையம் இருக்கிறது. சூரியனைப்போல 40 இலட்சம் மடங்கு நிறையுள்ள ஒரு கருந்துளையும், அதைச் சுற்றி அடர்ந்த முகில்களும், நெருங்கிய விண்மீன்களும் அங்கே உள்ளன. ஆனால் கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் அங்கிருந்து நம்மை நோக்கிப் புறப்படும் ஒளித்துகள்களில் இலட்சம் கோடிக்கு ஒன்றே நம்மை வந்தடைகிறது. மற்றவை யாவும் இடைவழித் தூசியில் தொலைந்துபோகின்றன.

மூலம் என்றால் வேர். பால்வீதியின் மையம் அந்த விண்மீனின் அருகே இருப்பதால், அதை அறிந்தே முன்னோர் அப்பெயரை வைத்தனர் என்று எழுதுவோர் இன்று உண்டு. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மூல விண்மீன் நம்மிடமிருந்து சில நூறு ஒளியாண்டுத் தொலைவில் நிற்கிறது. மையமோ 26,000 ஒளியாண்டுக்கு அப்பால். இரண்டும் ஒரே திசையில் தெரிகின்றன, அவ்வளவே. ஏம்பலம் ஏரிக்கரையில் நிற்கும் பனைமரமும் அதன் உச்சியில் தெரியும் நிலவும் ஒரே திசையில் இருப்பதால் பனைமரம் நிலவைத் தாங்குகிறது என்று நாம் சொல்வதில்லையே.

இதனினும் கொடியதொரு பேச்சு நம் ஊர்களில் உலவுகிறது. பெண் மூல நட்சத்திரத்தில் பிறந்தால் மாமனாருக்கு ஆகாது என்பது அது. சாதகம் பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொள்ளும் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இது பின்வாசல் வழியாக நுழைந்துவிடுகிறது. பெண்ணின் பிறந்த நாளையும் நேரத்தையும் மெல்லக் கேட்டு வாங்கிக்கொண்டு, பிறகு வேறு ஏதோ காரணம் சொல்லி விலகிப்போனவர்களை நான் அறிவேன். வானத்தின் ஒரு மூலையைக் காட்டி, ஒரு பெண்ணின்மேல் கொலைப்பழி சுமத்துகிற பேச்சு இது. அந்த மூலையில் என்ன இருக்கிறது என்று உண்மையாகவே பார்க்க முயன்றவர்கள் எத்தனை தயக்கத்தோடு பேசுகிறார்கள் என்பதை அறிந்தால், இப்பேச்சின் துணிவு நமக்கு இன்னும் விளங்கும்.

விண்வெளித் தூசி என்பது நம் வண்டிப்பாதையில் எழும் புழுதியைப் போன்றதன்று. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறு செய்தால் ஒரு கூறு எவ்வளவோ அவ்வளவு சிறிய துகள்கள் அவை. மணற்பொருளும் கரியும் கலந்தவை. தனித்தனியே பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான ஒளியாண்டு நீளத்துக்கு அவை பரவிக் கிடக்கும்போது ஒரு பெருந்திரையாகின்றன. இத்திரை இருப்பதே பல தலைமுறைகளுக்குத் தெரியவில்லை. 1785-ல் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியலார், ஒவ்வொரு திசையிலும் எத்தனை விண்மீன்கள் தெரிகின்றன என்று பொறுமையாக எண்ணி, பால்வீதியின் வரைபடம் ஒன்றை வரைந்தார். அதில் நம் சூரியன் ஏறக்குறைய நடுவில் இருந்தது. 1922-ல் டச்சு வானியலார் காப்டெய்ன் இன்னும் நுட்பமாகச் செய்த கணக்கிலும் சூரியன் நடுவுக்கு அருகிலேயே வந்தது. இருவரும் திறமையானவர்கள், நேர்மையானவர்கள். எண்ணியதில் பிழையில்லை. பால்வீதித் தளத்தில் எத்திசையில் நோக்கினாலும் தூசி ஓர் எல்லைக்குமேல் பார்க்கவிடாமல் மறைத்தது. பனிமூட்டத்தில் நிற்பவன் எப்பக்கமும் சமதூரமே காண்பதால் தானே நடுவில் நிற்பதாக நினைப்பதுபோல, நாமும் நம்மை நடுவில் வைத்துக்கொண்டோம். 1918-லேயே ஹார்லோ ஷேப்லி மையம் வெகுதொலைவில் இருப்பதாகக் காட்டியிருந்தார். விண்வெளியெங்கும் தூசி இருந்து ஒளியைக் குறைக்கிறது என்பதை 1930-ல் ராபர்ட் டிரம்ப்ளர் நிறுவிய பிறகுதான் முரண்பாடு தீர்ந்தது.

இந்த இடத்தில் நான் சற்று நின்றுவிடுகிறேன். ஒரு மனிதன் தன்னையே நடுவாக வைத்து உலகைப் பார்ப்பதை நாம் செருக்கு என்கிறோம். எப்போதும் செருக்குதானா? தன்னைச் சூழ்ந்திருக்கும் தூசியை அவன் அறியாதிருப்பதும் காரணமாக இருக்கலாம். எதிர்வீட்டாரின் துன்பம் தெரியாதவன், தெரியாததனாலேயே தன் துன்பமே பெரிதென்று நினைக்கிறான். அவனைக் கண்டிப்பதைவிட, இவ்வளவு தூரம்தான் உனக்குத் தெரிகிறது என்று காட்டுவது பயன் தரும்.

தூசி மறைக்கிறது என்று அறிந்தபின், அதே தூசி ஒன்றைக் காட்டவும் செய்கிறது என்று அறிந்த கதையில் ஒரு தமிழருக்குப் பெரும்பங்கு உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1930-ல் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர், அமெரிக்காவில் யெர்க்கீஸ் வானாய்வகத்தில் பணிபுரிந்த காலத்தில், 1946-ல் ஒரு கணிப்பை வெளியிட்டார். மிக வெப்பமான விண்மீன்களின் விளிம்பிலிருந்து வரும் ஒளி தளவிளைவுற்றிருக்கும் என்பது அக்கணிப்பு. தளவிளைவு என்பதை எளிதாகச் சொல்கிறேன். நீண்ட கயிறு ஒன்றை இருவர் பிடித்துக்கொண்டு உதறினால் அலை எழும். மேலும் கீழுமாக உதறலாம், பக்கவாட்டிலும் உதறலாம். ஒளியும் அவ்வாறே அசைந்து வரும் அலை. சாதாரண ஒளியில் எல்லாத் திசை அசைவுகளும் கலந்திருக்கும். ஒரு திசை அசைவு மட்டும் மிகுந்திருந்தால் அது தளவிளைவுற்ற ஒளி. ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்களில், மறைப்பு நேரத்தில் விளிம்பு மட்டும் தெரியும். அப்போது இதைக் காணலாம் என்று சந்திரசேகரின் கணிப்பு வழிகாட்டியது.

ஹில்ட்னர், ஹால் என்னும் இரு வானியலார் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள மெக்டொனால்டு வானாய்வகத்தில் தேடத் தொடங்கினர். தளவிளைவு கிடைத்தது. அவர்கள் எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்தது கிடைத்துவிட்டது. அத்தோடு எழுதி அனுப்பியிருந்தால், ஒரு பெரிய அறிஞரின் கணிப்பை மெய்ப்பித்த புகழ் உடனே வந்திருக்கும். ஆனால் மறைப்பு இல்லாத நேரத்திலும் அதே அளவு தளவிளைவு இருந்தது. மறைப்பே நிகழாத தனி விண்மீன்களிலும் இருந்தது. ஆகவே இது விண்மீன் தரும் அடையாளமன்று, நமக்கும் விண்மீனுக்கும் இடையே உள்ள ஏதோ ஒன்று பதித்த அடையாளம் என்று 1949-ல் அவர்கள் அறிவித்தார்கள். இடையில் இருந்தது தூசி. அத்தூசித் துகள்கள் தாறுமாறாகக் கிடக்கவில்லை. ஓர் ஒழுங்கில் நின்றன. அவற்றை ஒழுங்கில் நிறுத்தியது காந்தப்புலம் என்று 1951-ல் விளக்கம் வந்தது. (புதுச்சேரிக்கு இதில் ஒரு பழைய உறவு உண்டு. 1689 டிசம்பரில் இங்கிருந்து ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்த இயேசு சபைக் குரு ரிஷோ, தற்செயலாக ஆல்ஃபா செண்டாரி ஒற்றை விண்மீனன்று, இரட்டை என்று கண்டார். தேடியது ஒன்று, கண்டது வேறொன்று. கண்டதைக் கண்டபடி எழுதிவைத்தார்.)

சந்திரசேகர் சொன்ன விளிம்பு விளைவு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அதுவும் பொய்க்கவில்லை. அல்கால் என்னும் இரட்டை விண்மீனில், மறைப்பு நேரத்தில், 1983-ல் அது கண்டறியப்பட்டது. 37 ஆண்டுகள் காத்திருந்தது. அதற்குள் அவர் சும்மா இருக்கவில்லை. தம் கணிப்புக்குக் குறுக்கே வந்த அத்தூசியையே எடுத்துக்கொண்டு, இத்தாலிய அறிஞர் என்ரிக்கோ ஃபெர்மியோடு சேர்ந்து 1953-ல் ஒரு வழி கண்டார். கிணற்றில் கமலை ஓட்டிய காலத்தை நினைவுள்ளவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வடம் இறுகியிருந்தால் காற்றில் அது அதிகம் அலையாது. தளர்ந்திருந்தால் பெரிதும் அலையும். காந்தப்புலத்தின் கோடுகளும் அப்படியே. முகிலின் கொந்தளிப்பில் தூசித் துகள்களின் திசைகள் எவ்வளவு குலைந்திருக்கின்றன என்று பார்த்தால், புலம் எவ்வளவு வலியது என்று கணிக்கலாம். நம் பால்வீதியின் சுருள்கையில் அது ஒரு காஸின் பத்து இலட்சத்தில் 7 பங்கு என்று அவர்கள் கணக்கிட்டார்கள். திசைகாட்டி முள்ளை வடக்கே திருப்பும் பூமியின் புலத்தில் ஏறத்தாழ 50,000-ல் ஒரு பங்கு. எந்தக் கருவியையும் அங்கே கொண்டு சென்று வைக்கமுடியாத நிலையில், தூசியின் ஒழுங்கிலிருந்தே அளந்தார்கள்.

நெல் தூற்றுவதை நம் பிள்ளைகள் இன்று அதிகம் பார்ப்பதில்லை. அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. களத்தில் முறத்தை உயர்த்தித் தூற்றுபவர் காற்றைக் காண்பதில்லை. பதர் எந்தப் பக்கம் விழுகிறதோ அதுதான் அவருக்குக் காற்றின் செய்தி. எடையில்லாத பதர்தான் அதைச் சொல்லும், நெல்மணி சொல்லாது.

இப்போது மையத்துக்கு வருவோம். அங்குள்ள தூசி உறைபனியைவிட 200 பாகைக்கும் மேல் குளிர்ந்தது. ஆயினும் அதற்குரிய சிறு வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வெளியிடுகிறது. கண்ணொளியை விழுங்கும் இடைவழித் தூசி இந்த நீண்ட அலைகளை ஏறக்குறையத் தடையின்றி விட்டுவிடுகிறது. ஆனால் நம் காற்றிலுள்ள நீராவி அவற்றைத் தடுத்துவிடும். ஆதலால் அமெரிக்காவும் ஜெர்மனியும் இணைந்து ஒரு போயிங் 747 விமானத்தின் பக்கச் சுவரில் கதவு வெட்டி, 2.7 மீட்டர் ஆடியுள்ள தொலைநோக்கியை அதில் ஏற்றி, நீராவிக்கு மேலே பறந்தன. சோஃபியா என்பது அந்த வானாய்வகத்தின் பெயர். அதில் பொருத்தப்பட்ட கருவியால், 214 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில், பால்வீதி மையத்தின் ஏறத்தாழ 500 ஒளியாண்டு அகலமுள்ள பகுதியின் தளவிளைவை அளந்தனர். ஃபயர்பிளேஸ் என்று பெயரிடப்பட்ட இந்த அளவைக்குத் தலைமை வகித்தவர்களுள் டேவிட் சஸ் ஒருவர். அகுஸ்தினார் சபையினர் நடத்தும் வில்லனோவா பல்கலைக்கழகப் பேராசிரியர். கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களிலிருந்து இத்தகைய வேலை வருவதை நம் பெற்றோர் அறிந்துவைத்திருப்பது நல்லது. வரைபடத்தின் முழு வடிவம் 2024-ல் வெளிவந்தது.

சிலம்பக்காரர் கம்பைச் சுழற்றும்போது பக்கவாட்டில் நிற்பவருக்கு அது ஒரு நெடுங்கோடாகத் தெரியும். அவருடைய கை நீண்டிருக்கும் திசை அக்கோட்டுக்குச் செங்குத்தாக இருக்கும். தூசித் துகளும் அவ்வாறே சுழல்கிறது. அதன் சுழல் அச்சு காந்தப்புலத்தோடு சேர்ந்து நிற்க, நீண்ட பக்கம் அதற்குக் குறுக்கே சுழலும். வெளிவரும் ஒளியின் தளவிளைவைக் கண்டு, அதைச் செங்கோணம் திருப்பிவைத்தால் காந்தப்புலத்தின் திசை. இப்படிப் பல்லாயிரம் சிறு கோடுகள் அந்த வரைபடத்தில் உள்ளன. அவற்றைப் பார்த்தபோது என் கருத்தைக் கவர்ந்தது, அக்கோடுகளுக்கு அம்புமுனை இல்லை என்பது. புலம் கிழக்கு மேற்காக ஓடுகிறது என்று தூசி சொல்லும். கிழக்கிலிருந்து மேற்கா, மேற்கிலிருந்து கிழக்கா என்று சொல்லாது. சொல்லாததை வரைந்தவர்களும் சேர்க்கவில்லை. முனையைச் சேர்த்திருந்தால் படம் இன்னும் அழகாக இருந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. பார்க்கும் திசையில் உள்ள தூசி முழுவதும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடித்தான் நம்மிடம் வருகிறது. மையத்துத் தூசி எது, வழித்தூசி எது என்று பிரித்தாக வேண்டும். மையத்து முகில்கள் அடர்ந்தவை, இந்த அலைநீளத்தில் அவற்றின் ஒளி மேலோங்கி நிற்கும் என்பதால் இங்கே அது ஓரளவு கைகூடுகிறது. அவர்கள் கண்டது: புலம் சில இடங்களில் பால்வீதியின் தளத்துக்கு இணையாகவும், சில இடங்களில் அதற்குச் செங்குத்தாகவும் நிற்கிறது. 1984 முதல் வானொலி அலைகளில் தெரிந்துவரும் நெடும் இழைகளுள் முக்கியமானவை செங்குத்தானவை. இவ்விரண்டும் எவ்வாறு பொருந்துகின்றன என்பது இன்னும் முடிவுபெறாத கேள்வி.

பிரித்துப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2014 மார்ச் 17 அன்று, தென்துருவத்தில் பைசெப்-2 என்னும் தொலைநோக்கியை இயக்கிய குழுவினர், பேரண்டத்தின் முதற்கணத்தில் எழுந்த ஈர்ப்பலைகளின் தடத்தை வானொளியின் தளவிளைவில் கண்டதாக அறிவித்தார்கள். உலகெங்கும் முதற்பக்கச் செய்தி. அக்கொள்கையை வகுத்த முதிய அறிஞர் ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டிச் செய்தி சொல்ல, அவர் மகிழ்ந்து நெகிழ்ந்த காட்சியையும் மக்கள் பார்த்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பிளாங்க் செயற்கைக்கோளின் தூசி அளவுகள் வந்தன. 2015 சனவரி இறுதியில் இரு குழுக்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, கண்ட தடத்தை விளக்க நம் பால்வீதியின் தூசியே பெரிதும் போதும் என்று சொல்லிவிட்டது. படைப்பின் தொடக்கத்தைக் கண்டோம் என்றவர்கள் கண்டது நம் வீட்டுத் தூசி. அவர்களை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. கருவி நல்ல கருவி. ஒளியும் உண்மையில் வந்த ஒளி. தூசி குறைவாக இருக்கும் என்று நம்பிய மூலையைத்தான் தேர்ந்தார்கள். குறைவு என்பதை அளந்து அறியுமுன் அறிவித்தார்கள். பிறகு எதிர்த்தரப்பாரோடு ஒரே மேசையில் அமர்ந்து திருத்திக்கொண்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் அது அரிது.

இதற்கு நேர்மாறானவர் நம் புதுச்சேரியில் வாழ்ந்த ஒருவர். வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் பிரான்சிலிருந்து 1760-ல் புறப்பட்ட லெ ஜான்தீல், 1761-ல் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் கரையிறங்க முடியாமல் கடலிலேயே நின்றார். எட்டு ஆண்டுகள் கழித்து வரும் அடுத்த கடப்புக்காக ஊர் திரும்பாமலே காத்திருந்து, 1768-ல் புதுச்சேரி வந்து, இடிந்த கோட்டையின்மேல் வானாய்வுக் கூடம் கட்டினார். 1769 சூன் 4 விடியலில் மேகம் மூடியது. கடப்பு முடிந்தபின் சூரியன் வெளிவந்தது. அங்கே அவரைத் தவிர வேறு யார் அளக்கப்போகிறார்கள்? இரண்டொரு நேரக்குறிப்பைக் கற்பனையாக எழுதியிருந்தாலும் அன்று யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. அவர் மேகத்தைக் கண்டதாகவே எழுதினார். 1771-ல் ஊர் திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாகக் கருதி உறவினர் சொத்தைப் பங்கிட்டுக்கொண்டிருந்தனர். நம் கடற்கரைச் சாலையில் எத்தனையோ பேருக்குச் சிலை உண்டு; மேகத்தை மேகமென்று எழுதிய இவரைச் சிலர்தாம் அறிவர்.

புனித தாமஸ் அக்குவினாஸ், தம் பேரிறையியல் நூலில் தீர்ப்பிடுதல் பற்றிப் பேசும் இடத்தில், ஐயத்தின்மேல் எழுப்பப்படும் தீர்ப்பு முறைகேடானது என்கிறார். ஐயமானவற்றை நல்லவிதமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. அப்படிக் கொண்டால் ஏமாறுவோமே என்ற மறுப்பையும் அவரே எழுப்பி, தீயவன் ஒருவனை நல்லவன் என்று பலமுறை நினைத்து ஏமாறுவது, நல்லவன் ஒருவனைத் தீயவன் என்று அரிதாக நினைத்துத் தவறுவதைவிட மேலானது என்கிறார். குருமடத்தில் இதை மனப்பாடம் செய்தோம். பங்கில் வந்து பல ஆண்டுகள் ஆன பிறகுதான் இதன் எடை தெரிகிறது. "அந்தப் பெண்ணை வில்லியனூர் பேருந்து நிலையத்தில் ஒருவனோடு பார்த்தேன்" என்று ஒருவர் வந்து சொல்கிறார். பார்த்தது உண்மையாக இருக்கும். ஒருவனோடு நின்றாள் என்பது கோடு. எங்கே போனாள், எதற்குப் போனாள் என்பது இவர் சேர்த்த அம்புமுனை.

ஆனால் இந்தப் பாடத்தை இத்தோடு விட்டால் அது ஆபத்தானது. தூசி இருக்கிறது, சான்று போதாது, நல்லவிதமாகவே பொருள்கொள்வோம் என்ற பேச்சை வலியவர்கள் மிக விரைவில் கற்றுக்கொள்வார்கள். கூலி குறைத்துக் கொடுக்கப்பட்டதாகச் சொல்லும் நடவுப் பெண்ணிடம் எழுத்து எங்கே என்று கேட்பார்கள். துன்புறுத்தப்பட்டதாகச் சொல்லும் குழந்தையிடம் நீ தவறாகப் புரிந்துகொண்டாய் என்பார்கள். இப்படிக் கேட்டுக் கேட்டு எளியோரின் வாயை அடைத்ததற்கு நம் திருச்சபையும் உலகின் பல நாடுகளில் பெரும் வெட்கத்தோடு பதில் சொல்ல நேர்ந்தது. ஆதலால் ஒன்றைத் தெளிவாகப் பிரிக்கவேண்டும். 2014-ல் கூட, தூசி என்று சொன்னவர்கள் யாரும் ஒளியே வரவில்லை என்று சொல்லவில்லை. ஹில்ட்னரும் ஹாலும் எதிர்பாராத தளவிளைவைக் குப்பையில் போடவில்லை. ஏதோ ஒன்று அதைச் செய்திருக்கிறது என்று துருவினார்கள். அழுதுகொண்டு வருபவரின் கண்ணீர் வந்த ஒளி. அது எங்கிருந்து வந்தது என்று தேடிப்போவது கேட்பவரின் கடமை. தேடாதிருப்பதற்குத் தூசி சாக்காகாது. தூசியைக் கணக்கிடவேண்டிய சுமை, கதவைத் தட்டுபவர்மேல் விழுவதைவிடத் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருப்பவர்மேல் விழுவதே நியாயம். தொலைநோக்கி அவர் கையில்தானே இருக்கிறது.

சென்ற ஆண்டு என் பங்கில் ஒரு திருமணப் பேச்சு நின்றுபோகும் நிலைக்கு வந்தது. பையனின் தகப்பனார் மாலையில் பங்கு இல்லத்துக்கு வந்தார். வெகுநேரம் மழையைப் பற்றியும் கரும்பைப் பற்றியும் பேசியிருந்துவிட்டு, "பொண்ணு மூலமாம் சாமி. மாமனாருக்கு ஆகாதுன்னு எங்க அக்கா சொல்லுது" என்றார். மாமனார் ஆகப்போகிறவர் அவரே. அவர் முகத்தில் இருந்த அச்சத்தை நான் எளிதாக எண்ணவில்லை.

"அக்கா பாத்துதா?"

"பாக்கல சாமி. சொல்றாங்க."

"யாரு சொல்றாங்க?"

"எல்லாரும்தான்."

முற்றத்துக்கு வரச்சொன்னேன். வானம் தெளிவாக இருந்தது. தேளின் கொடுக்கைக் காட்டி, அதற்கு மேலே உள்ள கரிய திட்டையும் காட்டி, மேலே எழுதியவற்றில் கொஞ்சம் சொன்னேன். விமானத்தில் கதவு வெட்டியதைத்தான் அவர் வியப்போடு கேட்டார். கடைசியில், "அவ்ளோ செலவு பண்ணிப் பாத்தவங்க, மாமனாரப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காங்களா சாமி?" என்று கேட்டார்.

"தூசி எந்தப் பக்கமா நிக்குதுன்னு சொல்லியிருக்காங்க. அதுக்குமேல அவங்களே சொல்லமாட்டேங்கறாங்க."

சிரித்தாரா, பெருமூச்சு விட்டாரா என்று இருட்டில் தெரியவில்லை. மிதிவண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு வாரம் கழித்து இரு வீட்டாரும் வந்து திருமணத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓலை வாசித்தேன். தடை ஏதேனும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவேண்டும் என்ற வழக்கமான வரியையும் ஒவ்வொரு முறையும் வாசித்தேன். அந்த அக்கா முன்வரிசையில்தான் அமர்ந்திருந்தார். மூன்றாம் ஓலைக்குப் பின்னும் எவரும் வரவில்லை.